நாட்டுச் சேவல் இறகு போதாதா?

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஆறு நாள் ஷிஃப்ட் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குளத்தங்கரையில் தூண்டிலோடு உட்காரும் தம்பிகளே, உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டும்.

மண்புழு அலுத்துப்போய், வெளிநாட்டு வீடியோ பார்த்து, 'ஃப்ளை' கட்டும் ஆசை உங்களில் சிலருக்கு வந்திருக்கலாம். முள்ளில் இறகும் நூலும் சுற்றிச் செய்கிற பொய்ப்பூச்சிதான் ஃப்ளை. "நானே கட்டினா காசு மிச்சம் சார்" என்பீர்கள். சும்மா சொல்லாதீங்க! முள், நூல், முள்ளைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி, சின்னக் கத்தரி, முடிச்சில் தொட்டு வைக்க நகப்பூச்சு... இத்தனையும் வாங்குகிற காசுக்கு ரெடிமேட் பூச்சியே ஒரு டப்பா வாங்கலாம். முதல் பூச்சிக்கு அரை மணி நேரம் போகும். அதுவும் பூச்சி மாதிரி இருக்காது.

அப்புறம் என்ன லாபம்? பூச்சி செய்ய வேண்டுமென்றால் பூச்சியைப் பார்த்தாக வேண்டும். தட்டானின் குஞ்சு தண்ணீருக்குள்தான் வளர்கிறது என்பது அப்போதுதான் கண்ணில் படும். குளம் என்பது மீன் கிடக்கும் பள்ளம் மட்டுமில்லை என்று புரியும். இது எந்தக் கடையிலும் கிடைக்காது.

வம்பு, 'ஒசத்தி' இறகு தேடும்போது ஆரம்பிக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்து இறகில், மெழுகு பூசினது போல மஞ்சள் புள்ளி பளபளக்கும். சால்மன் மீன் பிடிக்கும் வெள்ளைக்காரத் துரைகளுக்கு அது உயிர். பறவையின் விஞ்ஞானப் பெயரில் இருப்பவர் சொன்னரா. 1782-ல் இந்தியப் பயண நூல் எழுதிய பிரெஞ்சுக்காரர், நம் புதுச்சேரியில் வாழ்ந்தவர். பெயர் அவருக்கு, இறகு துரைக்கு, உயிர் போனது கோழிக்கு!

இறகு ஏற்றுமதிக்கு 1902-லேயே தடை வந்தது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். பைத்தியம் தெளிந்ததா? 2009-ல் இங்கிலாந்தின் டிரிங் மியூசியத்தில் ஓர் இசைக்கல்லூரி மாணவர் புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார். எதற்கு? ஃப்ளை கட்டுகிறவர்களிடம் விற்க!

மீனுக்கு இறகின் விலை தெரியுமா? நீங்கள் மயக்கப் பார்ப்பது மீனையா, பக்கத்தில் நிற்கிற ஆளையா?

கறிக்கடையில் நாட்டுச் சேவல் உரிக்கும்போது கழுத்து இறகைக் கேளுங்கள். சிரித்துக்கொண்டே சும்மா கொடுப்பார். அது போதும்.

இன்னொன்று. பக்கத்திலிருக்கும் ஊசுடு ஏரி 2008 முதல் பறவைகள் சரணாலயம். அங்கே தூண்டிலோடு போகாதீர்கள். வேறு குளத்தில் போட்டாலும், அறுந்த நைலான் நரம்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். அது கொக்கின் காலில் சுற்றினால் அவிழ்த்துவிட அதற்குக் கை கிடையாது.

இறகு கொடுத்த ஜாதிக்கு அந்த மரியாதையாவது செய்ய வேண்டாமா?