நீங்கள் கேட்டவை: மலைத் திராட்சையும் ஓக் பீப்பாயும்

கேள்வி: மேல்மண் குறைந்த மலைச்சரிவில் ஒயின் திராட்சை கட்டுப்படியாகுமா? வெள்ளை ஒயினை மரப் பீப்பாயில் வைப்பது எதற்கு?

பதில்: அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், சான்டா குரூஸ் மலையில் சுமார் 2,000 அடி உயரத்தில் இருக்கிறது மவுன்ட் ஈடன் பண்ணை. 1940-களில் மார்ட்டின் ரே தொடங்கியது. மண் ஆழம் குறைவு, மகசூலும் குறைவு. ஆனால், கடல் குளிர்ச்சியால் பழம் நிதானமாகப் பழுக்கும், புளிப்பு இறங்காது.

அங்கே ஷார்டொனே ரகத் திராட்சைச் சாற்றை பிரெஞ்சு ஓக் பீப்பாயிலேயே நொதிக்கவிட்டு, மாதக்கணக்கில் வைக்கிறார்கள். மரத்தின் நுண்துளைகள் வழியே சிறிதளவு காற்று புகுந்து சுவையைப் பதப்படுத்தும். வெனிலா போன்ற வாசனையும் ஏறும். ஆவியாகிக் குறைவதை அவ்வப்போது நிரப்ப வேண்டும்.

குறைந்த மகசூலைப் பழமாக எடைபோட்டு விற்றால் கட்டாது. ஒயினாக்கினால் விலை கூடும். ஆனால், பீப்பாய்க்கும் செலவு, விற்கும்வரை பணமும் முடங்கும். காத்திருக்க வசதியுள்ளவர்களுக்கே இது ஏற்றது.