அந்தக் கல் ‘வீக்’கா?



கடின நீரை மென்னீராக்கும் பாடத்தில் ஜியோலைட் என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? ‘கொதிக்கும் கல்’ என்று பொருள். சூடாக்கினால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் பொங்கும். அதைப் பார்த்து 1756-இல் சுவீடன் நாட்டு க்ரான்ஸ்டெட் வைத்த பெயர் அது.

அந்தக் குடும்பத்தில் அனால்சைம் என்று வெளிறிய கல் ஒன்று உண்டு. கண்ணாடி மாதிரியோ, பால் வெள்ளையாகவோ இருக்கும். 1797-இல் அதற்குப் பெயர் வைத்தவர் பிரெஞ்சு அறிஞர் ரெனே ஜூஸ்த் அவுயி. கிரேக்கத்தில் ‘வலுவில்லாதது’ என்று அர்த்தம். நம்ம பாஷையில் ‘வீக்’! ஏனாம்? தேய்த்துப் பார்த்தபோது அதில் மின்சாரம் ரொம்பக் கொஞ்சமாகத்தான் உண்டானதாம். அவ்வளவுதான் அது செய்த குற்றம்!

இன்னொரு சோதனை வைப்போம். மோஸ் அளவையில் அனால்சைமின் கடினத்தன்மை 5 முதல் 5.5. அதே குடும்பத்து ஸ்டில்பைட்டுக்கு 3.5 முதல் 4 தான். ஸ்டில்பைட் என்றால் ‘மின்னுவது’. மின்னுகிறவன் மேல் ‘வீக்’ கோடு போட்டுவிடுவான்! ஆனாலும் இருநூறு வருஷத்துக்கு மேலாக அந்தப் பெயர் மாறவில்லை.

அவுயியை நான் குறை சொல்லவில்லை. அவரே ஓர் ஏழை நெசவாளியின் மகன். ஊர் மடத்துத் துறவிகள் அவர் ஆர்வத்தைக் கண்டு கைதூக்கிவிட்டதால் படித்து, படிகவியலின் தந்தை ஆனார்.

நம் கதைக்கு வருவோம். முதல் டெஸ்ட் முடிந்ததுமே நோட்டீஸ் போர்டில் ‘வீக் ஸ்டூடண்ட்ஸ்’ என்று பட்டியல் ஒட்டுகிறார்கள். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்தவன் இங்கிலீஷ் கேள்வித்தாளைப் பார்த்து முழித்த ஒரே நாளை வைத்து மூன்று வருஷத்துக்கும் முத்திரை! அந்தப் பட்டியலில் இருப்பவன் ஃபிட்டிங் ஷாப்பில் ராவினால், வெளிச்சம் புகாமல் ஜாப் பொருந்துகிறது. அதை எந்தப் போர்டில் ஒட்டினார்கள்?

பட்டியல் இல்லாவிட்டால் ஸ்பெஷல் கிளாஸுக்கு யார் வருவார்கள் என்று சிலர் கேட்கலாம். கிளாஸ் அவசியம் வேண்டும். ‘கணக்கில் பயிற்சி தேவைப்படுவோர் மாலை 4 மணிக்கு வரலாம்’ என்று எழுதினால் போதாதா? பேரெழுதி ஒட்ட வேண்டுமா? எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் போன்றவர்களுக்கு, அது வெறும் ஒரு சொல் இல்லை. ‘இதெல்லாம் உனக்கு எதுக்குப்பா?’ என்று ஊர் கேட்பதற்கு ஆதாரம்.

இந்த ஆண்டு நம் மாணவர் மன்றம் அந்தப் பட்டியலை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். கல்லுக்கு வாய் கிடையாது. நமக்கு இருக்கிறது, கேட்போம்!