அஞ்சலகமும் ஒரு வகுப்பறையே

கல்விச் சுற்றுலா என்றதும் தொலைதூரக் கோட்டைகளும் அணைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. நடந்து செல்லும் தொலைவிலுள்ள அஞ்சலகத்தை மறந்துவிடுகிறோம். மாணவர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் அங்குச் சென்று கற்க வேண்டும் என்பதே என் கருத்து.

அஞ்சல் குறியீட்டு எண்ணையே எடுத்துக்கொள்வோம். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று நடைமுறைக்கு வந்த இவ்வாறு இலக்க எண்ணில், முதல் இலக்கம் மண்டலத்தையும் முதல் மூன்று இலக்கங்கள் அஞ்சல் பிரிக்கப்படும் மாவட்டத்தையும் இறுதி மூன்று இலக்கங்கள் கடிதத்தை வழங்கும் அஞ்சலகத்தையும் குறிக்கின்றன. தமிழ்நாட்டின் எண்கள் 6இல் தொடங்குவது இதனாலேயே. புதூர் என்னும் பெயரில் ஊர்கள் பல இருப்பினும் கடிதம் வழிதவறாமல் சேர்வது இவ்வொழுங்கினால்தான்.

அங்குக் கற்கத்தக்க மற்றொன்று, தம் செயலைத் தாமே செய்துகொள்ளும் திறன். படிவம் நிரப்பத் தெரியாமல் பிறர் உதவியை எதிர்நோக்கி நிற்கும் முதியோரை இன்றும் காணலாம்; படித்த இளைஞரும் தயங்குவதுண்டு. 10 வயது நிறைந்தோர் தம் பெயரிலேயே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்கலாம் என்பதைப் பலர் அறியார்.

கைப்பேசியிலேயே யாவும் முடியும்போது அஞ்சலகம் எதற்கு என்று சிலர் வினவலாம். கைப்பேசித் திரையில் மனித உழைப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. அஞ்சலகத்திலோ முத்திரையிடும் கைகளையும், பையைச் சுமந்து வெயிலில் புறப்படும் அஞ்சல்காரரையும் நேரில் காண்கிறோம்.

மாணவர்களே, அங்கு வேடிக்கை பார்க்க மட்டும் செல்லாதீர்கள். உங்கள் முகவரிக்கே ஓர் அஞ்சலட்டை எழுதிப் பெட்டியில் இடுங்கள். அது உங்கள் வாயிலை வந்தடையும் நாளில், பொதுப்பணி என்பதன் பொருள் விளங்கும்.