அரிசி இறங்கிய துறை

அண்மையில் செராஸில் நடந்த ஒரு கூட்டத்தில், கோலாலம்பூர் ஈயத்தால் உண்டான பட்டணமென்றும், அதில் தமிழர் பங்குக்கு லெபோ அம்பாங் செட்டியார் கிட்டங்கிகளே சாட்சி என்றும் ஓர் அன்பர் பேசினார். ஆங்கிலப் பள்ளியில் ஈயக் கதையை நாமும் நெட்டுருப் போட்டவர்கள்தாம். ஆயினும் ஒன்று கேட்கின்றோம். ஈயம் கிடைத்த இடம் அம்பாங். கடைவீதி எழுந்த இடமோ கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் முனை. இஃது ஏன்?

1857-ல் ராஜா அப்துல்லா அனுப்பிய 87 சீனத் தொழிலாளர் வந்திறங்கியது அம்முனையில். சரக்குப் படகு அதற்குமேல் செல்லாது. அரிசியை அங்கே இறக்கிக் காட்டு வழியே சுரங்கத்துக்குச் சுமந்து போகவேண்டும். அந்த 87 பேரில் 69 பேர் ஒரு மாதத்திற்குள் காய்ச்சலுக்கு இரையாயினர். பின்வந்தோர் ஈயம் எடுத்தனர். லுக்குட்டிலிருந்து வந்த ஹியூ சியூவும் ஆ ஸீயும் துறையிலேயே கடை வைத்து, அரிசி முதலியன கொடுத்து ஈயத்தை வாங்கினர். ஈயச் சுரங்கத் தொழிலில் பிற்பாடு வேரூன்றிய வழக்கமும் இதுவே: அரிசியைக் கடனாகக் கொடுத்தவன் ஈயத்துக்கும் தானே விலை சொன்னான். யாப் ஆ லோயின் சந்தை, அதாவது இன்றைய மேடான் பாசார், அந்தத் துறையை ஒட்டியே வளர்ந்தது.

இது நிற்க. கிட்டங்கிகளைக் காட்டி ‘நாம் கட்டினோம்’ என்கிறார்களே, எந்த ‘நாம்’? கீழ்ப் பர்மாவின் நெல் விளைச்சலுக்குச் செட்டியார்களின் வட்டிப் பணம் பெரிதும் முதலாயிற்று. அங்குள்ள 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் அவர்கள் வசமிருந்த நிலம் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு. நெல் விலை வீழ்ந்து கடன் அடைபடாமற் போனதால் 1938-ல் அது 25 பங்காயிற்று. நிலமிழந்தவன் பர்மியக் குடியானவன். அந்த ரங்கூன் அரிசியை உண்டவன் மலாயாத் தோட்டத்துத் தமிழன். அவனும் சும்மா உண்ணவில்லை. தோட்ட ஆபீசு அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. பேரேட்டில் அந்தப் பற்றை எழுதியவன் கிராணி. அதே உத்தியோகத்தில் இருந்துகொண்டு இதை மறைப்பானேன்? 1942-ல் ஜப்பானியர் வந்து அரிசி அருகியபோது, மரவள்ளிக் கிழங்கு தின்று கிடந்தவனும் அவனே.

வட்டிக்குக் கொடுத்தவன் தமிழனென்றால், பற்று எழுதப்பட்டவன் தமிழனல்லனா? சரித்திரம் எழுதுவோர் கிட்டங்கிப் பெட்டகத்தை வர்ணிக்குமுன் தோட்டத்துச் சம்பளப் பேரேடுகளைத் தேடட்டும். கறையான் தின்றது போக மிஞ்சியதையேனும் படிக்கட்டும். மேடான் பாசாரில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டுக்காக 1937-ல் நிறுத்திய மணிக்கூண்டு இன்றும் நிற்கின்றது. அத்துறையில் மூட்டை சுமந்தவனுக்கு ஒரு கல் நட்டதாக நாம் கண்டதில்லை.