பயிற்சி என்ற பெயரில்

பயிற்சி என்ற சொல் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. கல்லூரிகள் அந்தச் சொல்லைக் கையில் எடுப்பதற்கு வெகுகாலம் முன்பே நூற்பாலைகளின் தரகர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுவந்தார்கள். மூன்று வருடம் மில்லில் பயிற்சி, சாப்பாடும் தங்குமிடமும் மில்லிலேயே, முடித்து வரும்போது கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை என்றார்கள். சுமங்கலித் திட்டம் என்று அதற்கு மங்கலகரமாகப் பெயரும் வைத்தார்கள். அந்தத் தொகை பெரும்பாலும் 30,000 ரூபாயிலிருந்து 50,000 வரை. அது பெண்ணின் கூலியில் மாதாமாதம் பிடித்துவைத்த பணம்தான். உடம்புக்கு முடியாமல் இடையில் திரும்பிய பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு சந்து இருந்தது. 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவுப்படி பயிற்சி பெறுபவர் தொழிலாளி ஆகமாட்டார். தொழிலாளர் சட்டங்களும் அவருக்குப் பொருந்தா. பதிவேட்டில் 'அப்ரண்டிஸ்' என்று ஒரு சொல்லை எழுதிவிட்டால் போதும். எட்டு மணி நேரமும் அதற்கு மேலும் இயந்திரத்தின் முன் நிற்கிற பெண், தொழிலாளி இல்லை என்றாகிவிடுவாள். கற்றுக்கொள்கிறவள் கணக்குக் கேட்கக் கூடாது என்பதுதான் இதன் சாரம். இந்தச் சாரத்தை மனதில் வைத்துக்கொண்டு இன்றைய கல்லூரிக்குள் வருவோம்.

இன்று பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தில் இன்டர்ன்ஷிப்புக்கும் ஒரு வரி இருக்கிறது; அதற்கு மதிப்பெண்ணும் இருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் மாணவர்களின் வேலைத்திறனை அரசின் கடமையாக ஏற்றது. இவற்றை நான் எதிர்க்கவில்லை. வகுப்பறைக்கு வெளியே உலகம் எப்படி இயங்குகிறது என்று இருபது வயதுப் பெண் நேரில் பார்த்தே ஆகவேண்டும். நான் கேட்பது, அவள் அங்கே என்ன செய்கிறாள், அதன் செலவை யார் சுமக்கிறார்கள் என்பதைத்தான்.

தமிழ் படிக்கும் மாணவி ஒரு தனியார் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகிறாள். விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்புகள் முழுவதும் அவள் தலையில் விழுகின்றன. வணிகவியல் மாணவி ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போகிறாள். மாதக் கடைசியில் பில்களை எல்லாம் கணினியில் ஏற்றுகிறாள், வருகிறவர்களுக்கு டீயும் வாங்கிவருகிறாள். கூடவே வந்த பையனைக் கட்சிக்காரரைப் பார்க்க வெளியே அனுப்புகிறார்கள். இவளை ரிசப்ஷனில் உட்காரவைக்கிறார்கள். கடைசியில் இருவருக்கும் ஒரே மாதிரிச் சான்றிதழ். மதிப்பெண் பட்டியலில் இந்த வித்தியாசம் தெரியாது. முதல் நேர்முகத்தேர்வில் தெரிந்துவிடும்.

'அனுபவம் கிடைக்கிறதே, சம்பளம் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளை ஒரு மாதம் கோயம்புத்தூரில் விடுதி எடுத்துத் தங்கிப் பயிற்சி பெற முடியும். ஆத்தூரிலிருந்தும் செம்பட்டியிலிருந்தும் டவுன் பஸ்ஸில் கல்லூரிக்கு வரும் பெண்ணுக்கு அது முடியாது. விடுமுறை மாதம் அவளுக்குப் பூப்பறிக்கிற மாதம், சின்னாளபட்டியில் சேலைக்கு முடிச்சுப் போடுகிற மாதம், அதில் வரும் பணத்தில் அடுத்த பருவத்தின் கட்டணம் கட்டுகிற மாதம். கூலியில்லாத பயிற்சிக்குப் போனால், உழைப்போடு அந்த வருமானமும் போய்விடும். இலவசப் பயிற்சி என்பது வசதியுள்ளவர்களுக்கு ஒதுக்கிவைத்த இடம். அங்கே சாதியின் பெயரை யாரும் சொல்வதில்லை. சொல்லாமலே அது தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலிருந்த திருமண உதவித் திட்டத்தை, தாலிக்குத் தங்கம் தந்த அதே திட்டத்தை, உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றியது. 2022 செப்டம்பர் 5 முதல், அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பெண்ணின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் சேர்கிறது. பெண்ணுக்குக் கொடுக்கிற பணம் கல்யாணத்துக்குத்தான் என்ற எண்ணத்தை ஓர் அரசாணை உடைத்தது. சுமங்கலித் திட்டத்தின் அஸ்திவாரமே அந்த எண்ணம்தானே? ஆனால் இந்த மாற்றம் கல்லூரி வாசலோடு நின்றுவிட்டது. படிப்புக்கும் வேலைக்கும் நடுவிலுள்ள பாலத்தில் அவள் இன்னமும் கைக்காசு போட்டுத்தான் நடக்கிறாள். ஒன்றிய அரசு 2024இல் பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தை அறிவித்தபோது மாதம் 5,000 ரூபாய் என்றது. முழுநேரம் கல்லூரியில் படிப்பவர்கள் அப்போது அதில் சேர முடியவில்லை.

பயிற்சியை வேறு மாதிரியும் யோசிக்கலாம் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. 1956இல் அங்கே கிராமியக் கல்வி நிறுவனம் வந்தது. 1976இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி, ஊர் மக்களோடு சேர்ந்து வேலை செய்து கற்பது அங்கே படிப்பின் ஒரு பகுதி. மாணவியைத் தனியாக ஒரு முதலாளியிடம் ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்தான தாளுக்காகக் கல்லூரி காத்திருப்பதில்லை. ஆசிரியர்களும் கூடப் போகிறார்கள். காந்திய இயக்கத்தின் சாதிப் பார்வையோடும் பெண் பார்வையோடும் எனக்குச் சண்டை உண்டு. ஆனாலும் இந்த ஒரு பாடத்தை அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ளத் தயங்கமாட்டேன்.

சௌந்தரத்தின் வாழ்க்கையே வழிகாட்டலைப் பற்றிய பாடம்தான். இளம் வயதில் விதவையானவர். டெல்லி லேடி ஹார்டிஞ்சு கல்லூரியில் மருத்துவம் படித்தார். 1952இல் இதே ஆத்தூர்த் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார். டெல்லியில் அவருக்குச் சுசீலா நய்யார் என்ற தோழி கிடைத்தார். டி.வி.எஸ். குடும்பத்தின் பணம் பின்னால் இருந்தது. திறமை, துணை, பணம் மூன்றும் கூடியபோது ஒரு விதவைப் பெண் மருத்துவரானார். எங்கள் மாணவிகளிடம் முதலாவது இருக்கிறது. மற்ற இரண்டையும் யார் தருவது?

துணை என்றதும் 'மென்டர்' என்று ஒருவரைக் கொண்டுவந்து மேடையில் உட்காரவைக்கிறார்கள். கோட்டு போட்ட ஆண் ஒருவர், தன் வெற்றிக்கதையைச் சொல்லி, 'தன்னம்பிக்கை வேண்டும்' என்று முடிப்பார். முனைவர் பட்டம் செய்த பெண்களுக்கு வழிகாட்டி என்ற சொல்லின் மறுபக்கமும் தெரியும். கைடு வீட்டு விசேஷத்துக்குப் பந்தி பரிமாறியவர்கள், அவர் பெயரில் வரப்போகும் கட்டுரையைத் திருத்திக்கொடுத்தவர்கள், இரவு பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்திக்கு என்ன பதில் போடுவதென்று தெரியாமல் விழித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! 'அவர் அப்பா மாதிரி' என்று சொல்லி நம் வாயை அடைப்பார்கள். கையெழுத்துப் போடும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்கும்வரை அந்த உறவை வழிகாட்டல் என்று சொல்ல முடியாது.

எனக்குத் தெரிந்த சிறந்த வழிகாட்டல் இந்த மாவட்டத்தில் ஒரு தொழிற்சங்கத்தில் நடந்தது. 2021 ஜனவரியில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்த தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதைக் கண்ணீரோடு முடித்துவிடவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தையும், அதனிடம் துணி வாங்கும் எச் அண்ட் எம்மையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் அதை அழைக்கிறது. அதன்படி தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைத் தேர்ந்து, சங்கம் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. பக்கத்துத் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் அக்காவிடம் ஒரு பெண் தனக்கு நடந்ததைச் சொல்லலாம். சொன்னதற்காக அவளைப் பழிவாங்க முடியாது. மென்டர் என்ற சொல்லுக்கு இதைவிடச் சரியான பொருள் எனக்குத் தெரியாது.

மில் பெண்கள் போராடிப் பெற்றது கல்லூரிப் பெண்களுக்கும் வேண்டும். பயிற்சிக்கு உதவித்தொகை கொடு. நிறுவனம் தராவிட்டால் அரசு தரட்டும். என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் கற்றுக்கொடுப்பார் என்று முன்னதாகவே எழுத்தில் கொடு. நிறுவனம் மாணவிக்கு மதிப்பெண் போடுவதுபோல மாணவியும் நிறுவனத்துக்கு மதிப்பெண் போடட்டும். குறைந்தால் அடுத்த ஆண்டு அங்கே யாரையும் அனுப்பாதே. படித்து முடித்து வேலையில் இருக்கும் நம் பழைய மாணவிகளைத் தேடிப் பிடித்து, ஒருவருக்குப் பதில் மூன்று பேரை வழிகாட்டிகளாகக் கொடு.

மாணவிகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், பயிற்சி பெறுபவரையும் அப்ரண்டிஸையும் பணியாளர் என்றே சொல்கிறது. சம்பளம் இல்லாவிட்டாலும் நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும். நான்கு பேர் வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகம் என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பயிற்சிக்குச் சேரும் முதல் நாளே கேளுங்கள்: இங்கே குழு இருக்கிறதா, அதன் தலைவர் யார், எனக்கு என்ன தருவீர்கள்? கேட்டதற்காகவே உங்களை வேண்டாமென்று சொல்லும் இடத்தில் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை.