கம்ப்யூட்டர் படிப்பில் கீதைக்கென்ன ஜோலி?

சர்வகலாசாலைகளில் கம்ப்யூட்டர் படிப்பின் பாடத்திட்டத்தை அவ்வப்போது திருத்துகிறார்கள். திருத்த வேண்டியதுதான். ஆனால் திருத்தம் என்னும் பேரால் உள்ளே நுழைவது என்ன என்பதே நமது கேள்வி.

2019-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில், தகவல் தொழில்நுட்ப மாணவர்களுக்குத் தத்துவம் என்று ஒரு பாடம் சேர்த்து, அதற்குள் பகவத் கீதையையும் வைத்தார்கள். எதிர்ப்புக் கிளம்பவே, "கட்டாயமில்லை, இஷ்டமானவர் படிக்கலாம்" என்று பின்வாங்கினார்கள். எதிர்ப்பில்லாதிருந்தால்?

இதற்கு ஒத்தாசையாக, கம்ப்யூட்டருக்கு ஏற்ற பாஷை சமஸ்கிருதமே என்று நாசாவே தீர்ப்புச் சொன்னதாக ஒரு புளுகு ஊர் ஊராய்த் திரிகிறது. நடந்தது என்ன? நாசா ஆராய்ச்சி நிலையத்தோடு சம்பந்தப்பட்ட ரிக் பிரிக்ஸ் என்பவர், 1985-இல் சமஸ்கிருத இலக்கண முறையையும் செயற்கை அறிவையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அவ்வளவே! சி, ஜாவா, பைத்தான் ஆகிய எதுவும் சமஸ்கிருதத்தில் பிறந்ததல்லவே!

கம்ப்யூட்டருக்கிடும் கட்டளை பிழையானால் விளைவும் பிழைதான். எந்த மந்திரமும் அதைத் திருத்தாது. ஏன், எப்படி என்று கேட்பதே அப்படிப்பின் உயிர். நால்வருணத்தைப் பகவானே படைத்தார் என்று கேள்வியின்றி நம்பச் சொல்லும் புஸ்தகத்திற்கு அங்கே என்ன ஜோலி?

குடும்பத்தில் முதல் தடவையாகக் காலேஜ் வாசலை மிதிக்கும் நம் பிள்ளைக்குக் கிடைப்பது நான்கே வருஷம். அதில் ஒரு மணி நேரத்தைத் திருடுவதும் அதன் பிழைப்பில் மண் போடுவதேயாகும்.

ஆகவே, பாடத்திட்டம் திருத்தப்படும்போதெல்லாம் அதை வாங்கி வரிவரியாய்ப் படித்து, "இது எதற்கு?" என்று கேட்கும்படி பெற்றோரையும் மாணவரையும் வேண்டுகிறோம்.