கடமான் காட்டில் யார் தனி?

மாட்டுங்கா ரோடில் மின்ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போரிவிலி. ஞாயிறு காலைகளில் செம்பூர், தாராவித் தமிழர்களும் அங்கே போகிறார்கள். 100 சதுர கிலோமீட்டரைத் தாண்டிய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் சிறுத்தை உண்டு, கடமான் உண்டு. பலருக்கு இரண்டும் கண்ணில் படாது. கொஞ்ச நேரம் பக்கத்தில் யாரும் இல்லாதிருந்தால் போதும் என்றுதான் போகிறார்கள்.

கடமானை நெல்லை, குமரிப் பக்கம் மிளா என்பார்கள். இலங்கை மலைகளில் வெள்ளைக்காரத் துரைமார் அதை அழைத்தது ‘எல்க்’ என்று. உண்மையான எல்க் குளிர்நாட்டு மிருகம். அக்கால வேட்டைப் புத்தகங்களை மொழிபெயர்க்க உட்காருகிறவர் தடுமாறித்தான் போவார். அப்படி எழுதியவர்களில் பெயர் பெற்றவர் சாமுவேல் பேக்கர். 1848இல் நுவரெலியாவில் குடியேறி, 1855 வரை வேட்டை நாய்களோடும் கத்தியோடும் கடமானைத் துரத்தியவர்.

வேட்டைக்காரன் சொல்லும் தனிமை பொய்யல்ல. நாய்களின் குரைப்பு பள்ளத்தாக்கில் தேய்ந்துவிடும். எந்த ஓடையில் கடமான் திரும்பி எதிர்த்து நிற்கிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஊர்க்கவலை எதுவும் அண்டாது. ஆனால், அந்தத் தனிமைக்கு மூட்டை சுமக்கவும் நாய்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். அதே வருடங்களில்தான் காபித் தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து பல்லாயிரம் பேர் மன்னார் பக்கம் கரையேறி, காட்டு வழியே மலைநாட்டுக்கு நடந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். துரைக்கு நிம்மதி தந்த காடு அவர்களுக்கு எப்படி இருந்தது என்று எழுதிவைக்க அவர்களிடம் காகிதம் இல்லை.

இந்தியாவில் 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு துப்பாக்கி கீழே இறங்கியது. தனிமை ஆசை இறங்கவில்லை. போரிவிலிக் காட்டுக்குள் வார்லி பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. ‘ஆள் நடமாட்டமே இல்லை, அப்படியொரு அமைதி’ என்று வியப்பவர், பழங்குடிப் பெண் நறுக்கித் தந்த வெள்ளரிக்காயைக் கடித்தபடியேதான் வியக்கிறார்.

அதற்காக அவரைக் கேலி செய்யவும் மனம் வரவில்லை. சாயங்காலம் மீண்டும் மின்ரயில். நிற்கக்கூட இடம் இருக்காது. தாராவிக்காரர் மாஹிமில் இறங்கி நடக்கிறார். பத்துக்குப் பத்து அறை, உள்ளே ஆறேழு பேர். ‘மான் பார்த்தியா?’ என்று பிள்ளைகள் மொய்த்துக்கொள்வார்கள். மான் பார்க்கப் போகவில்லை என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது?